முடி உதிர்வுக்கு ஆன்லைனில் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்குவது எப்படி: வேலூர் சுற்றுவட்டாரத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவரோ, குடியாத்தத்தில் கடை வைத்திருப்பவரோ, முடி கொட்டுகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருநாள் வருமானத்தை விட்டுவிட்டு வேலூருக்கு பஸ் ஏறி, ஓ.பி. சீட்டு போட்டு, மத்தியானம் வரை வரிசையில் உட்கார்ந்திருப்பது நடக்கிற காரியம் இல்லை. அதனால்தான் பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் நண்பர் சொன்ன மருந்தின் பெயரை மெடிக்கலில் சொல்லி வாங்கித் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம். பரம்பரை வழுக்கையில் மருந்தின் முக்கியமான வேலை இருக்கிற முடியைக் காப்பாற்றுவதுதான். பல வருடமாகப் பளபளவென்று ஆகிவிட்ட இடத்தில் அது பெரிதாக எதையும் முளைக்க வைக்காது. அதனால் சீக்கிரம் டாக்டரைப் பார்ப்பவருக்குத்தான் பலன் அதிகம்.

ஆன்லைனில் பார்ப்பது சட்டப்படி சரியான வழிதான். 2020 மார்ச் 25 அன்று வந்த டெலிமெடிசின் (தொலைவிலிருந்து வைத்தியம் பார்ப்பது) நெறிமுறைகளின்படி, பதிவு பெற்ற எந்த அலோபதி டாக்டரும் நாட்டின் எந்த மூலையில் இருக்கும் நோயாளிக்கும் வீடியோவிலோ போனிலோ எழுத்து மூலமாகவோ ஆலோசனை சொல்லி மருந்துச் சீட்டு தரலாம். சென்னையில் இருக்கும் தோல் டாக்டர் பேரணாம்பட்டில் இருப்பவருக்கு மருந்து எழுதலாம், அதில் தடை இல்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் மருந்து கிடைப்பது ரொம்ப சுலபம், உங்கள் தலையை நிதானமாகப் பார்த்து நாலு கேள்வி கேட்கும் டாக்டர் கிடைப்பதுதான் கஷ்டம். அந்த டாக்டரை எப்படிப் பிடிப்பது, அவருக்கு என்னென்ன கொடுப்பது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில், இது ஆன்லைனில் பார்க்கக் கூடிய உதிர்வுதானா?

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை விழுவது எல்லோருக்கும் இயல்பு. சீப்பில் நாலு முடி பார்த்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

ஆண்களுக்கு நெற்றியின் இரண்டு ஓரமும் மெல்ல மெல்லப் பின்னால் போவது, உச்சியில் வட்டமாக மெலிவது, இதுதான் பரம்பரை வழுக்கை. அப்பா வழியில் மட்டும் இல்லை, அம்மா வழியிலிருந்தும் வரும். பெண்களுக்கு முன் நெற்றிக் கோடு பெரும்பாலும் அப்படியே இருக்கும், வகிடு மட்டும் அகலமாகிக்கொண்டே போகும். இந்த இரண்டும் நல்ல போட்டோ இருந்தால் ஆன்லைனில் பார்க்க ஏற்றவை.

இன்னொரு வகை, திடீரென்று தலை முழுக்கக் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது. டெங்கு, டைபாய்டு, பெரிய ஆபரேஷன், பிரசவம், சாப்பாட்டைக் குறைத்து வேகமாக எடை இறக்கியது, இப்படி ஏதாவது நடந்து 2 அல்லது 3 மாதம் கழித்து இது ஆரம்பிக்கும். காய்ச்சல் போய்விட்டதே, இப்போது ஏன் கொட்டுகிறது என்று குழம்புவார்கள். உடம்புக்கு ஏற்பட்ட அதிர்ச்சியில் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய், அந்தக் காலம் முடிந்ததும் சேர்ந்து விழுகிறது, அவ்வளவுதான். காரணம் சரியானால் பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்ப வரும். இதற்கு வழுக்கை மாத்திரை தேவையில்லை, ஆனால் டாக்டரிடம் காய்ச்சலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர் அதை எழுத வாய்ப்பு உண்டு.

நம் பக்கம் உப்புத் தண்ணீரைத்தான் எல்லோரும் குறை சொல்வார்கள். போர் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், நடுவில் உடையவைக்கும், ஆனால் நெற்றி ஏறுவதற்கும் உச்சியில் முடி மெலிவதற்கும் அது காரணம் இல்லை. ஹெல்மெட்டும் இல்லை. திருப்பதியில் மொட்டை போட்டால் அடுத்தது அடர்த்தியாக வரும் என்பதும் உண்மை இல்லை. மழித்த முடியின் நுனி மழுங்கலாக இருப்பதால் தடிமனாகத் தெரிகிறது, வேர் அதே வேர்தான். வேண்டுதலுக்காகப் போடுங்கள், வைத்தியம் என்று நினைத்துப் போடாதீர்கள்.

நேரில்தான் போக வேண்டியவை இவை: காசு அளவுக்கு வட்டமாக முடி போயிருக்கும் புழுவெட்டு, தோல் சிவந்து, வலித்து, சீழ் வைத்து, செதில் செதிலாக உரிந்து முடி போவது, முடி போன இடத்தில் தோலின் துளைகளே தெரியாமல் தழும்பு மாதிரி வழவழப்பாக இருப்பது, குழந்தைகளுக்குத் தலையில் திட்டாக முடி போவது. தழும்பு வகை உதிர்வில் போன வேர் போனதுதான், அங்கே ஒவ்வொரு வாரமும் முக்கியம். குழந்தைகளுக்கு வருவது பல நேரம் பூஞ்சைத் தொற்று, அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டியிருக்கும். புழுவெட்டுக்குப் பூண்டையும் வெங்காயத்தையும் தேய்த்துத் தோல் வெந்து போய் வருகிறவர்கள் உண்டு, தயவுசெய்து செய்யாதீர்கள். அது புழு வெட்டியது இல்லை, நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் வருவது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சி.எம்.சி.யிலும் தோல் பிரிவு இருக்கிறது. இந்த மாதிரி விஷயத்துக்கு ஒருநாள் லீவு போடலாம், தப்பில்லை.

போட்டோவும் குறிப்பும்

வீடியோ கால் 10 நிமிடத்தில் முடிந்துவிடும், கேமராவில் தலைத்தோல் சரியாகத் தெரியாது. அதனால் டாக்டர் உண்மையில் பார்க்கப்போவது நீங்கள் அனுப்பும் போட்டோக்களைத்தான். தலைக்குக் குளித்து, நன்றாகக் காய்ந்து, எண்ணெய் எதுவும் இல்லாமல் எடுங்கள். காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கமோ மொட்டை மாடி நிழலிலோ நின்று, ஃபிளாஷ் இல்லாமல், முகத்தை அழகாக்கும் பியூட்டி மோடை அணைத்துவிட்டு, வேறு யாரையாவது எடுக்கச் சொல்லுங்கள். முடியைப் பின்னால் இழுத்துப் பிடித்து நெற்றிக் கோடு, இரண்டு பக்க ஓரங்கள், தலையைக் குனிந்து உச்சி, பின்னந்தலை, பெண்களுக்கு நடு வகிடு நேராக. எங்கே நின்று எடுத்தீர்களோ அதே இடம், அதே நேரம், அதே தூரம் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 6 மாதம் கழித்து மருந்து வேலை செய்கிறதா என்று சொல்லப்போவது கண்ணாடி இல்லை, இந்தப் படங்கள்தான்.

அப்புறம் ஒரு தாளில் எழுதி வையுங்கள்: எப்போதிலிருந்து கொட்டுகிறது, அப்பா வழியிலும் அம்மா வழியிலும் யாருக்கு வழுக்கை, கடந்த 6 மாதத்தில் வந்த காய்ச்சல், ஆபரேஷன், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளும். பி.பி., தைராய்டு, மன அழுத்தம், வலிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுவது என்று ஒன்றையும் விடாதீர்கள். ஜிம்மில் ஊசி போட்டிருந்தாலோ பவுடர் குடித்தாலோ அதையும் சொல்லுங்கள். மனச்சோர்வு இதற்கு முன் இருந்ததா, அடுத்த ஒரு வருடத்தில் குழந்தைக்குத் திட்டம் இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். கேட்கக் கூச்சப்படும் டாக்டர்கள் உண்டு, சொல்லக் கூச்சப்படும் நோயாளிகள் அதைவிட அதிகம். மருந்தை முடிவு செய்வதே இந்த இரண்டு பதில்கள்தான்.

ரத்தப் பரிசோதனையை நீங்களாகப் பேக்கேஜ் பார்த்து எடுக்க வேண்டாம். தேவைப்பட்டால் டாக்டர் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்து இருப்பு), டி.எஸ்.ஹெச். (தைராய்டு) போன்றவற்றை எழுதுவார், வேலூரிலோ ராணிப்பேட்டையிலோ எந்த நல்ல லேபிலும் எடுத்து ரிப்போர்ட்டை அனுப்பலாம். முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமினை மாத்திரையாகவோ மிட்டாய் மாதிரி மெல்லும் ‘கம்மி’யாகவோ சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள்: அதிக அளவு பயோட்டின் தைராய்டு உள்ளிட்ட சில பரிசோதனைகளின் முடிவைத் தப்பாகக் காட்ட வைக்கும். லேபிலும் டாக்டரிடமும் சொல்லி, எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று கேட்டுவிட்டு ரத்தம் கொடுங்கள்.

யாரிடம் போவது

இரண்டு விதமான இடங்கள் இருக்கின்றன. ஒன்று, பல துறை டாக்டர்கள் இருக்கும் ஆப், அல்லது மருத்துவமனையே நடத்தும் வீடியோ ஓ.பி. இன்னொன்று, முடிக்கென்றே மருந்து விற்கும் கம்பெனி, அதில் டாக்டர் கன்சல்டேஷன் இலவசம் என்று போட்டிருப்பார்கள். இரண்டாவது வகையில் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 15 கேள்விக்குப் பதிலைத் தட்டியதும் உங்களுக்கான கிட் (மருந்துத் தொகுப்பு) தயார் என்று திரை சொன்னால், அதில் டாக்டர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். கணினி நிரல் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் மருந்து எழுதுவதையும் அந்த 2020 நெறிமுறைகள் அனுமதிக்கவில்லை, மனித டாக்டர்தான் முடிவெடுக்க வேண்டும். காசு வாங்கி ஆலோசனை சொல்லும் டாக்டரையே நான் சிபாரிசு செய்வேன். இலவசமாகப் பேசுகிறவருடைய சம்பளம் கிட் விற்பதிலிருந்துதான் வருகிறது.

டாக்டர் பெயருக்குப் பின்னால் எம்.டி., டி.டி.வி.எல்., டி.என்.பி. என்று தோல் மருத்துவப் படிப்பு இருக்கிறதா பாருங்கள். ட்ரைக்காலஜிஸ்ட், ஹேர் எக்ஸ்பர்ட் என்று மட்டும் போட்டிருந்தால் அது மருத்துவப் பட்டம் இல்லை. பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி தேசிய மருத்துவ ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் பதிவேட்டிலோ, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் பதிவேட்டிலோ தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. எண்ணைக் கேட்டதும் மழுப்பினால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். தமிழ் தெரிந்த டாக்டர் என்று தேர்ந்தெடுக்க வசதி இருந்தால் அதையே எடுங்கள். பக்க விளைவை அரைகுறை இங்கிலீஷில் விளக்குவது ஆபத்து. காசே செலவழிக்க முடியாதவர்களுக்கு ஆன்லைனில் டாக்டரிடம் பேச அரசின் இ-சஞ்சீவனி சேவை இருக்கிறது, கட்டணம் கிடையாது. எந்த நேரமும் தோல் டாக்டரே கிடைப்பார் என்று சொல்ல முடியாது, ஆனால் நேரில் போக வேண்டுமா என்றாவது ஒரு டாக்டர் சொல்லிவிடுவார்.

வழுக்கையைக் குணப்படுத்துவோம் என்று உத்தரவாதம் கொடுக்கும் மருந்தையும் ஒதுக்குங்கள். 1945 மருந்து விதிகளின் அட்டவணை ஜே-யில், குணப்படுத்துவதாகச் சொல்லி மருந்து விற்கக் கூடாத நோய்களில் வழுக்கையும் ஒன்று.

வீடியோ காலில் பேச வேண்டியது

பெயர், வயது, ஊர் சொல்லி டாக்டரும் தன்னை அறிமுகம் செய்த பிறகு, எழுதி வைத்ததைப் பார்த்துச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருந்தாக வேண்டும். பிறகு இதைக் கேளுங்கள்: எனக்கு இருப்பது எந்த வகை உதிர்வு, எதை வைத்து அப்படிச் சொல்கிறீர்கள்? மருந்து எடுக்காவிட்டால் என்ன ஆகும்? எத்தனை மாதத்தில் எந்த அளவு மாற்றம் எதிர்பார்க்கலாம்? எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும், அப்போது உங்களை எப்படித் தொடர்புகொள்வது? நேரில் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொன்னால் கோபப்படாதீர்கள், அவர் நல்ல டாக்டர்.

பெரும்பாலும் பேச்சு இரண்டு மருந்தைச் சுற்றித்தான் இருக்கும். மினாக்சிடில், தலையில் தடவுவது. முதலில் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது, சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி முளைத்ததைப் பார்த்து முடி மருந்தாக மாற்றினார்கள். ஆண்களுக்குப் பொதுவாக 5 சதவீதம், பெண்களுக்கு 2 அல்லது 5. இப்போது குறைந்த அளவில் மாத்திரையாகவும் எழுதுகிறார்கள். அது முடிக்கென்று அங்கீகாரம் பெற்ற பயன்பாடு இல்லை, பி.பி. அல்லது இதயப் பிரச்சினை இருப்பவர்கள் நேரில் பரிசோதனை செய்யாமல் அதைத் தொடவே கூடாது.

இரண்டாவது ஃபினாஸ்டெரைடு, ஆண்களுக்கான 1 மி.கி. மாத்திரை. 1997-ல் அமெரிக்காவில் வழுக்கைக்கு அங்கீகாரம் பெற்றது. டெஸ்டோஸ்டிரோனை டி.ஹெச்.டி. என்ற ஹார்மோனாக மாற்றும் நொதியைத் தடுக்கிறது, அந்த டி.ஹெச்.டி.தான் பரம்பரை வழுக்கையில் வேரைச் சுருங்கவைப்பது. உச்சி வழுக்கை உள்ள ஆண்களிடம் நடந்த இரண்டு வருட ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் 83 சதவீதம் பேருக்கு முடி எண்ணிக்கை குறையாமல் நின்றது, ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குத்தான். நல்ல மருந்துதான். ஆனால் ஆசை குறைவது, விறைப்பில் கோளாறு, விந்து குறைவது போன்றவை சிலருக்கு வரும். ஆய்வுகளில் ஏறத்தாழ 3.8 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரையில் 2.1 சதவீதம் பேருக்கு. நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும், சிலருக்கு நிறுத்திய பிறகும் தொடர்ந்ததாகப் பதிவாகியிருக்கிறது. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தற்கொலை எண்ணம் இதன் பக்க விளைவுகளில் ஒன்று என்று உறுதிசெய்தது. மனச்சோர்வு பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள் என்று மேலே எழுதியது இதனால்தான்.

சீட்டும் மெடிக்கலும்

கையில் வரும் சீட்டில் டாக்டரின் பெயர், படிப்பு, பதிவு எண், கையெழுத்து, தேதி, உங்கள் பெயர், வயது, மருந்தின் மூலப்பெயர், அளவு, எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்க வேண்டும். கம்பெனியின் பிராண்டு பெயர் மட்டும், அதுவும் அவர்கள் தளத்தில் மட்டுமே கிடைக்கும் பெயராக இருந்தால், மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அது கையில் இருந்தால் காட்பாடியிலோ ஆற்காட்டிலோ எந்த மெடிக்கலிலும் கேட்கலாம். ஒரே மருந்துக்குக் கம்பெனிக்குக் கம்பெனி விலை நிறையவே மாறும், ஜெனரிக் (அதே மருந்து, பெரிய பிராண்டு பெயர் இல்லாமல்) இருக்கிறதா என்று வெட்கப்படாமல் கேளுங்கள். இது வருடக்கணக்கில் வாங்கப்போகும் மருந்து. பில், பேட்ச் எண், காலாவதி தேதி பார்த்து வாங்குங்கள்.

மினாக்சிடிலோடு ஃபினாஸ்டெரைடும் கலந்த தடவும் மருந்துகளும் விற்கிறார்கள். தடவுவதுதானே என்று அலட்சியம் வேண்டாம், உடம்புக்குள் போகும். மருந்தகங்களிலேயே கலந்து ஆன்லைன் சேவைகள் வழியாக விற்கப்பட்ட இப்படிப்பட்ட கலவைகளைப் பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2025 ஏப்ரலில் எச்சரித்தது, மற்றவர் தோலில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தையும் சேர்த்து.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால், அல்லது குழந்தைக்குத் திட்டமிடும் பெண் இருந்தால், உடைந்த ஃபினாஸ்டெரைடு மாத்திரையை அவர் கையால் தொடக் கூடாது, ஆண் சிசுவின் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கும். அதனால்தான் காசு மிச்சம் பிடிக்க 5 மி.கி. மாத்திரையை நாலாக உடைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. இன்னொன்று, நம் ஊரில் சொந்தக்காரர் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் ரத்தம் கொடுக்கப் போவோம். இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று ரத்த வங்கியில் சொல்லிவிடுங்கள், கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது இடைவெளி வேண்டும்.

தினமும் தடவும்போது

மினாக்சிடில் திரவம் காய்ந்த, எண்ணெய் இல்லாத தலைத்தோலில் 1 மி.லி., காலையும் ராத்திரியும். முடியில் இல்லை, முடியை விலக்கித் தோலில். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் குளித்துக் காய்ந்த பிறகு போடுங்கள். கத்திரி வெயிலில் வேலூரில் வேர்வை தலையிலிருந்து வழியும், வெளியிலிருந்து வந்ததும் போடாமல் ஃபேன் கீழே உட்கார்ந்து ஆறியபின் போடுங்கள். படுப்பதற்குக் குறைந்தது 2 மணி நேரம் முன்னால், இல்லாவிட்டால் தலையணையில் போய் அங்கிருந்து முகத்துக்கு வரும். போட்டதும் கையைக் கழுவுங்கள். திரவத்தில் ஆல்கஹால் இருக்கிறது, காயும் வரை அடுப்புப் பக்கமோ விளக்குப் பக்கமோ போக வேண்டாம். வீட்டில் பூனை இருந்தால் மிகவும் கவனம், கொஞ்சம் நக்கினாலும் உயிருக்கே ஆபத்து. அரிப்பு அதிகமாக இருந்தால் திரவத்தில் இருக்கும் ப்ரோப்பிலீன் கிளைக்கால் காரணமாக இருக்கலாம், அது இல்லாத ஃபோமுக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டிப்பாகப் போடாதீர்கள்.

முதல் சில வாரங்களில் முன்பைவிட அதிகமாகக் கொட்டலாம். பலர் பயந்து நிறுத்துவது இந்த இடத்தில்தான். பழைய முடியைத் தள்ளிவிட்டுப் புது முடி கிளம்புவதால் வருவது, இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். அதைத் தாண்டியும் நிற்காவிட்டால் டாக்டரிடம் பேசுங்கள். நெஞ்சு படபடப்பு, மயக்கம், நெஞ்சுவலி, கால் வீக்கம், திடீரென எடை கூடுவது என்றால் தடவுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே நேரில் ஒரு டாக்டரைப் பாருங்கள், ஆப்பில் மெசேஜ் போட்டுக் காத்திருக்காதீர்கள். ஃபினாஸ்டெரைடு ஆரம்பித்தபின் மனசு இருண்டு போனாலும் அப்படித்தான்: மாத்திரையை நிறுத்துங்கள், வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடம் போங்கள்.

பெண்களுக்கு

பெண்களின் உதிர்வில் ரத்தசோகை, தைராய்டு, பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறு), பிரசவத்துக்குப் பிந்தைய உதிர்வு என்று காரணங்கள் பின்னிக்கொண்டு இருக்கும். மாதவிடாய் ஒழுங்கில்லை, முகத்தில் முடி வளர்கிறது, பருவும் சேர்ந்து வருகிறது என்றால் மகளிர் டாக்டரையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. கர்ப்பமாக இருக்கும்போதும் பால் கொடுக்கும்போதும் மினாக்சிடில் வேண்டாம். குழந்தை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு ஃபினாஸ்டெரைடு கூடாது, கணவர் டப்பாவிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன்.

தொடர் பரிசோதனை

3-வது மாதத்தில் பக்க விளைவுகளைப் பேச ஒரு வீடியோ கால், 6-வது மாதத்தில் புதுப் போட்டோக்களோடு ஒரு கால், பிறகு ஒரு வருடம் முடியும்போது. 6 மாதத்துக்கு முன்னால் மருந்து தோற்றுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். உதிர்வு நின்று படம் அப்படியே இருந்தாலும் அது வெற்றிதான். நிறுத்தினால் சில மாதங்களில் கிடைத்த பலன் போய்விடும், அதனால் ஆரம்பிக்கும் முன்பே வருடக்கணக்கில் செலவு செய்ய முடியுமா என்று வீட்டுக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் புரோஸ்டேட்டுக்காக பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை எடுக்கும்போது ஃபினாஸ்டெரைடு சாப்பிடுவதைச் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை பி.எஸ்.ஏ. எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும், புற்றுநோய் அறிகுறி தப்பிப் போக வாய்ப்பு உண்டு.

மாதாமாதம் தானாகக் காசு எடுத்து மருந்து அனுப்பும் திட்டத்தில் சேரச் சொன்னால், முதல் 6 மாதம் முடியும் வரை சேராதீர்கள். சீட்டு, போட்டோ, லேப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஆப்பிலேயே விட்டுவிடாமல் உங்கள் போனில் தனி ஃபோல்டரில் இறக்கி வையுங்கள். நாளைக்கு வேறு டாக்டரிடம் மாறினாலும், அடுக்கம்பாறைக்கே நேரில் போனாலும், முதலில் கேட்கப்போவது அவைதான்.